மிதக்கும் பிரிட்ஜ்: முதலில் இடம், பிறகு சுருதி

ஆறாவது கம்பியைச் சுருதியில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு முதல் கம்பிக்கு வருவதற்குள், ஆறாவது இறங்கிப்போயிருக்கும். அதை மறுபடி ஏற்றினால் மற்ற ஐந்தும் சற்றே கீழே போகும். இரண்டு மூன்று சுற்று இப்படி ஓடிய பிறகு கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, “மிதக்கும் பிரிட்ஜ் சுருதி நிற்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் பலர். அந்தத் தீர்ப்பு தவறு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் வேலையின் வரிசை. பிரிட்ஜ் தகடு எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கம்பிகள் எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்பது இன்னொன்று. தலைப்பக்கத்து ட்யூனிங் கீகள் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லக்கூடியவை. நாமோ இரண்டு கேள்விகளையும் அவற்றின் தலையில் கட்டிவிட்டு, அவை திணறுவதைப் பார்த்து பிரிட்ஜைக் குறை சொல்கிறோம்.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டருடன் கொண்டுவந்த அமைப்பையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம்; பின்னால் வந்த பலவும் அதன் வழித்தோன்றல்களே. கிட்டாரின் முன்பக்கம் ஓர் உலோகத் தகடு. அதன் முன் விளிம்பு திருகுகளின்மேல் சாய்ந்து, அதுவே அச்சாக ஆடும். தகட்டுக்கு அடியில் ஓர் எஃகுக் கட்டை உடலைத் துளைத்துப் பின்பக்கக் குழிவரை தொங்கும். அந்தக் கட்டையின் அடியில் மாட்டிய ஸ்ப்ரிங்குகள், அதிகபட்சம் ஐந்து, கழுத்துப் பக்கமாக ஓடி ‘கிளா’ என்ற தகட்டில் முடியும். கிளாவை இரண்டு நீளத் திருகுகள் மரத்தோடு பிணைக்கின்றன. மேலே கம்பிகள் தகட்டை முன்னே கவிழ்க்கப் பார்க்கும். கீழே ஸ்ப்ரிங்குகள் பின்னே இழுக்கும். 648 மி.மீ. நீள அளவுள்ள கிட்டாரில் 9 முதல் 42 வரையான கம்பித் தொகுப்பு வழக்கமான சுருதியில் ஏறத்தாழ 39 கிலோ எடைக்கு நிகராக இழுக்கிறது. 10 முதல் 46 வரையான தொகுப்பு ஏறத்தாழ 47 கிலோ. இத்தனை இழுப்பு ஒரு பக்கம், ஸ்ப்ரிங்குகளின் இழுப்பு மறுபக்கம், நடுவில் கத்திமுனையாக அந்த முன் விளிம்பு. இது தராசேதான். (இந்த அமைப்புக்கு ட்ரெமலோ என்ற பெயர் பொருந்தாது. ட்ரெமலோ என்பது ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி அசைவது வைப்ரேட்டோ. ஃபெண்டர் பிரிட்ஜுக்கு ட்ரெமலோ என்று பேர்வைத்து, ஒலியளவை அசைக்கும் ஆம்ப்ளிஃபயர் வசதிக்கு வைப்ரேட்டோ என்று பேர்வைத்தார். மாற்றி ஒட்டிய அந்தச் சீட்டு அப்படியே நிலைத்துவிட்டது.)

தராசு என்று ஒப்புக்கொண்டால் முதல் ஆட்சேபத்துக்குப் பதில் தானாக வந்துவிடும். “பொறுமையாக ஐந்தாறு சுற்று சுருதி சேர்த்தால் எல்லாம் படிந்துவிடுகிறதே, எதற்கு இத்தனை ஏற்பாடு?” என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். படிந்துவிடுகிறது, உண்மைதான். ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் ஆறு கம்பிகளும் சுருதியில் நிற்கும். ஆனால் அப்போது தகடு எந்தச் சாய்வில் நிற்கிறது? கம்பிகள் குறிப்பிட்ட சுருதியில் இருக்கும்போது அவற்றின் மொத்த இழுப்பு குறிப்பிட்ட ஓர் அளவுதான். அந்த அளவை ஸ்ப்ரிங்குகள் எவ்வளவு நீண்டால் ஈடுகட்டுமோ, அவ்வளவு நீளும்படிதான் தகடு சாயும். ஆக, கிளா ஒரு நிலையில் இருக்கும்வரை ஆறு கம்பிகளும் சுருதியில் நிற்கக்கூடிய சாய்வு ஒன்றே ஒன்று. கீகளை எத்தனை முறை திருகினாலும் அந்தச் சாய்வு மாறாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவே. தேடிக் கிடைத்த சாய்வு நமக்கு வேண்டியதாக இல்லாவிட்டால் கிளாவின் திருகுகளைத் தொட்டாக வேண்டும். தொட்டதும் சுருதி முழுக்கக் கலைந்து மறுபடி ஐந்தாறு சுற்று. பொறுமை தீர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

எந்தச் சாய்வானால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. தகட்டின் வால் தூக்கினால் அதன்மேல் கம்பிகளைத் தாங்கும் சாடில்களும் உயர்ந்து கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து விலகும். கத்திமுனை திருகைத் தொடும் கோணமும் கெடும். வால் மிகவும் தாழ்ந்தால் தகட்டை ஆட்டும் கைப்பிடியை மேலே இழுக்க இடமிருக்காது. மேலே இழுக்க வேண்டாமென்றால் மிதக்க வைப்பதற்கே பொருளில்லை. எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 10 அளவுள்ள முதல் கம்பி சுருதிக்கு வரும்போது அதன் 648 மி.மீ. நீளத்தில் ஏறத்தாழ 4.6 மி.மீ. மட்டுமே நீண்டிருக்கிறது, 13 அளவுள்ள இரண்டாவது ஏறத்தாழ 2.6 மி.மீ.; 17 அளவுள்ள மூன்றாவது 1.6 மி.மீ. சாடில்கள் எல்லாம் ஒரே தகட்டில் இருப்பதால் கைப்பிடியை இழுத்தால் எல்லாக் கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடுதலாக நீளும். ஆனால் முன்பே குறைவாக நீண்டிருந்த கம்பிக்கு அந்தக் கூடுதல் பெரிய விகிதம். சாடில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னே போனாலே மூன்றாவது கம்பி மூன்று ஃப்ரெட் ஏறிவிடும், இரண்டாவது இரண்டு, முதலாவது ஒன்று, அல்லது சற்றுக் கூடுதல். கார்ல் வெர்ஹேயன் என்ற அமெரிக்கக் கலைஞர் கைப்பிடியை முழுக்க மேலே இழுத்தால் ஜி மூன்று, பி இரண்டு, ஈ ஒன்று என்று ஏறும்படி அமைத்துக்கொள்வதற்கும் அடிப்படை இதே விகிதம்தான். ஃபெண்டர் நிறுவனம் தன் பிரிட்ஜுக்குச் சொல்லும் பரிந்துரை, தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே எட்டில் ஓர் அங்குலம், அதாவது 3.2 மி.மீ. அந்த இடைவெளி பெரும்பாலும் இந்த மூன்று ஃப்ரெட் ஏற்றத்துக்கு அருகில் கொண்டுபோய் விடும். கையை அதிரவிட்டுச் சுருதியை லேசாக நடுங்க வைப்பதே நோக்கமென்றால் அதில் பாதி போதும். சாய்வு என்பது கைவினைஞர் மரபாகச் சொல்லிவரும் எண்ணுக்காக அல்ல. எவ்வளவு ஏற வேண்டும் என்ற இசைத் தேவைக்காக.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சாடில் அரை மில்லிமீட்டர் முன்னே நழுவினால் முதல் கம்பியே ஏறத்தாழ ஒரு ஃப்ரெட் இறங்கிவிடும். மூன்றாவது கம்பி மூன்று ஃப்ரெட்டுக்கு மேல். இவ்வளவு நுணுக்கமான தராசை ஒரு தட்டில் படிக்கல் மாற்றிக்கொண்டே மறுதட்டில் சரக்கையும் கூட்டிக் குறைத்துச் சமன் செய்ய முடியாது. ஒரு தட்டை அசையாமல் கட்டிவைக்க வேண்டும்.

கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. கழுத்தின் வளைவு, புதுக் கம்பி, பிரிட்ஜ் உயரம் மூன்றும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; பிறகு தொட்டால் இழுப்பு மாறிவிடும். ஆறு திருகு உள்ள பழைய பாணி பிரிட்ஜில் நடுவிலுள்ள நான்கும் தகட்டுக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கட்டும். ஓரத்திலுள்ள இரண்டு மட்டும் அச்சாக இருந்தால் உராய்வு குறையும். இரண்டு தூண்களில் நிற்கும் பிரிட்ஜானால் கம்பிகளைத் தளர்த்திவிட்டே தூண்களைத் திருக வேண்டும். முழு இழுப்பில் திருகினால் கத்திமுனை தூணைச் சுரண்டி மழுங்கும். மழுங்கிய கத்திமுனைக்கு இந்த அத்தியாயத்தில் வைத்தியம் இல்லை, புதுத் தகடுதான். பின்பக்க மூடியைக் கழற்றும்போது கிளாவில் பற்றவைத்த ஒரு கம்பி தெரியும். அது எர்த். திருப்புளி நழுவி அதை அறுத்துவிட்டால் கிட்டார் இரையத் தொடங்கும்.

இனி கட்டும் வேலை. இதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டாம். காலாவதியான ஏ.டி.எம். அட்டைகள் நான்கு போதும், எழுத்துகள் புடைக்காத சமதள அட்டைகளாக. ஒன்றின் கனம் 0.76 மி.மீ. என்பது உலகத் தர அளவு. நான்கை அடுக்கினால் 3 மி.மீ.க்கு ஒரு நூலிழை அதிகம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு அட்டையடுக்கைத் தகட்டின் பின்விளிம்புக்கு அடியில் செருகுங்கள். பிறகு கிளாவின் இரண்டு திருகுகளையும் நன்றாக இறுக்குங்கள், வேண்டியதைவிட அதிகமாகவே. ஸ்ப்ரிங்குகள் தகட்டை அட்டைகளின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இப்போது சுருதி சேருங்கள். ஒரு கம்பியை ஏற்றினால் இன்னொன்று இறங்காது. அசையாத பிரிட்ஜுள்ள கிட்டார்போல இருக்கும். புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி இழுத்து நீட்டுங்கள், மறுபடி சேருங்கள், மறுபடி நீட்டுங்கள், இறங்குவது நிற்கும்வரை. ஆறும் சுருதியில் நிற்கும்போது அட்டையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. எளிதாக வந்தால் கம்பிகள் ஸ்ப்ரிங்குகளை வென்றுவிட்டன, அதாவது தகடு முன்பே தூக்கிக்கொண்டது. கிளாவை இன்னும் இறுக்க வேண்டும். இறுக்க இடமில்லையென்றால் ஸ்ப்ரிங் ஒன்று கூட்ட வேண்டும்.

அட்டை பிடிபட்டிருக்கிறது, சுருதி நிற்கிறது. இந்த நேரத்திலிருந்து கீகளைத் தொடாதீர்கள். கிட்டாரைப் பக்கவாட்டில் நிறுத்தி, கிளாவின் திருகுகளைக் கால்சுற்று கால்சுற்றாக, இரண்டையும் மாறிமாறித் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் அட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஸ்ப்ரிங்குகளின் உபரி இழுப்பு குறையக் குறைய அட்டைமேல் அழுத்தம் குறையும். மூடிய புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவுவதுபோல அட்டை நழுவி வரும் ஒரு கட்டம் வரும். அந்தக் கணத்தில் தகட்டைத் தாங்குவது அட்டை இல்லை, ஸ்ப்ரிங்கும் கம்பியும் மட்டுமே. தகடு நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில். கம்பிகள் நீங்கள் சேர்த்த சுருதியில். அட்டையை எடுத்துவிட்டு ட்யூனரில் பாருங்கள். ஆறும் ஒருசேரக் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது, திருகை அரைக்கால் சுற்று இறுக்குங்கள். ஒருசேர ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். பிழை எப்போதும் ஒரே திசையில் இருக்கும் என்பதுதான் இந்த வழியின் பெரிய லாபம்: தெரியாத எண் ஒன்றுதான், அதற்குத் திருகும் ஒன்றுதான். (இரண்டு திருகுகளையும் ஒன்றாகவே எண்ணுகிறேன். தடித்த கம்பிப் பக்கம் அதிகம் இறுக்கிக் கிளாவைச் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. தகடு விறைப்பான ஒரே துண்டு, ஆடுவதும் ஒரே அச்சில். எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் கூட்டுத்தொகைதான் கணக்கில் வரும். சாய்த்து வைப்பதால் கெடுதல் இல்லை; அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் எனக்குக் காரணம் தெரியவில்லை.)

குழியில் பதிந்த பிரிட்ஜ்களில், கம்பியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகையில் பெரும்பாலும் அப்படித்தான், பின்விளிம்புக்கு அடியில் அட்டை வைக்கத் தோது இருக்காது. அங்கே பின்பக்கக் குழியில், எஃகுக் கட்டைக்கும் கிட்டாரின் வால்பக்க மரத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகித் தகட்டை உடலுக்கு இணையாக நிறுத்த வேண்டும். இப்போது எல்லாம் தலைகீழ். ஸ்ப்ரிங்குகளைத் தளர்வாக வையுங்கள், கம்பிகள் கட்டையை மரத்துண்டின்மேல் அழுத்தட்டும். சுருதி சேர்த்த பிறகு மரத்துண்டு தானாக விழும்வரை கிளாவை இறுக்குங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் போய்ச்சேரும் புள்ளி ஒன்றே.

எத்தனை ஸ்ப்ரிங் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது கிளாவின் திருகு. கைக்குத் தெரியும் விறைப்பைத் தீர்மானிப்பது ஸ்ப்ரிங்குகளின் எண்ணிக்கை. மூன்றை அதிகம் இழுத்து வைத்தாலும் ஐந்தைக் குறைவாக இழுத்து வைத்தாலும் அதே 47 கிலோவை ஈடுகட்டலாம். ஆனால் ஐந்து இருக்கும்போது தகட்டை நகர்த்தக் கூடுதல் பலம் வேண்டும். கைப்பிடி கனக்கும், நடுக்கம் சீக்கிரம் அடங்கும், ஒரு கம்பியை விரலால் வளைக்கும்போது பிரிட்ஜ் முன்னே சாய்வது குறையும். மூன்றில் இதெல்லாம் நேர்மாறு. மூன்றில் தொடங்கி, வளைக்கும்போது மற்றக் கம்பிகள் தாங்க முடியாத அளவு இறங்கினால் நான்காவதைச் சேர்ப்பது நல்ல வழி. சேர்த்தால் அட்டைகளை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து.

இவ்வளவும் செய்த பிறகும் கைப்பிடியைப் பயன்படுத்தியதும் சுருதி கலைந்தால், குற்றவாளி சமநிலை இல்லை, உராய்வு. பிழையின் வடிவமே எந்த இடம் என்று காட்டிக்கொடுக்கும். ஆறு கம்பிகளும் ஒரே திசையில் விலகினால் கத்திமுனையோ அது சாயும் திருகோ சிக்குகிறது. ஒரு கம்பி மட்டும் விலகினால் தலைப்பக்கத்து நட்டின் பள்ளத்தைச் சந்தேகியுங்கள். கைப்பிடியை அழுத்தும்போது கம்பி தளர்ந்து, நட்டைத் தாண்டித் தலைப்பக்கம் கொஞ்சம் நகரும். விட்டதும் திரும்பி வர வேண்டும். பள்ளம் பிடித்துக்கொண்டால் வராது. ஒலிக்கும் பகுதியில் கம்பி குறைந்து சுருதி ஏறி நிற்கும். மேலே இழுத்தோ விரலால் வளைத்தோ விட்ட பிறகு இறங்கி நின்றால் அதே பள்ளம் எதிர்த்திசையில் பிடிக்கிறது என்று பொருள். பென்சில் முனைத் தூளைப் பள்ளத்தில் தேய்ப்பது பழைய வைத்தியம், பெரும்பாலும் போதுமானது. போதாவிட்டால் பள்ளத்தைக் கம்பியின் கனத்துக்கு அகலப்படுத்த வேண்டும்; அதற்கென்றே உள்ள அரம் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். ட்யூனிங் கீயில் கம்பி ஏழெட்டுச் சுற்று சுற்றியிருப்பதும் இதே குற்றம்தான், இரண்டு மூன்றுக்கு மேல் தேவையில்லை.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று உண்டு: இந்தப் பாடெல்லாம் எதற்கு, தகட்டை உடலோடு படியவைத்துவிட்டால் என்ன? எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஐந்து ஸ்ப்ரிங்கும் போட்டு, மரத்துண்டும் வைத்து பிரிட்ஜை அசையாமல் அடைத்தவர். எடி வான் ஹேலன் ஃப்ளாய்ட் ரோஸைப் புகழ்பெறச் செய்தவர்களில் முதல் வரிசைக்காரர். அவருமே அதை உடலில் படியவைத்துக் கீழே அழுத்த மட்டும் பயன்படுத்தினார். ஆறாவது கம்பியை நொடியில் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கும் அவருடைய டி-ட்யூனா என்ற சிறு கருவி வேலை செய்வதும் தகடு படிந்திருப்பதால்தான். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை அப்படி இறக்கினால் தராசு சரிந்து மற்ற ஐந்தும் ஏறிவிடும். இந்த ஆட்சேபத்தை மறுக்க வழியில்லை, மறுக்கவும் வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவர், ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே இன்னொன்றைச் சேர்த்து மீட்டுகிறவர், வலது உள்ளங்கையை பிரிட்ஜில் அழுத்தி வாசிக்கிறவர் ஆகியோர் படியவைப்பதே சரி. வளைக்கும்போது மற்றவை இறங்குவது மிதக்கும் அமைப்பின் பிறவிக் குணம்; எந்தச் சரிசெய்தலும் அதைக் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. பதிலுக்குக் கிடைப்பது சுருதிக்கு மேலும் கீழும் ஊசலாடும் சுதந்திரம். ஜெஃப் பெக் ஒரு சுரத்தைத் தொட்டு அதன் இருபுறமும் தடவிக்கொண்டே மெட்டை நகர்த்துவதைக் கேட்டவர்களுக்கு இது ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. படிந்த தகட்டில் சுரத்துக்குக் கீழே மட்டும்தான் போகலாம்.

“பூட்டும் பிரிட்ஜ் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது” என்பதும் அரை உண்மையே. ஃப்ளாய்ட் ரோஸ் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பு கம்பியை நட்டிலேயே இறுகப் பூட்டுகிறது. அவருடைய பிரிட்ஜ்கள் கம்பியின் மறுமுனையையும் சாடிலிலேயே கவ்விக்கொள்கின்றன. நழுவ இடமில்லை, ஆகவே நட்டின் உராய்வால் வரும் பிழையும் இல்லை. ஆனால் பூட்டு தராசைச் சமன் செய்யாது. சமனில்லாத நிலையில் பூட்டினால் பிழையையும் சேர்த்தே பூட்டியதாகும். பிறகு கையில் இருப்பது சாடிலுக்குப் பின்னால் உள்ள சிறு திருகுகள் மட்டும், அவற்றின் வீச்சோ குறைவு. ஆகவே அந்தச் சிறு திருகுகளை முதலிலேயே நடுநிலையில் வைத்து, மரத்துண்டு வழியில் சமனைக் கண்டு, கைப்பிடியைப் பலமுறை அழுத்தி இழுத்துக் கம்பிகளைப் படியவைத்த பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது ஆறும் குதித்து ஏறினால் நட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பட்டை கம்பிகளைப் போதுமான அளவு தாழ்த்தவில்லை என்று அர்த்தம். 1987இல் ஐபனீஸ் நிறுவனம் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து வெளியிட்ட ஜெம் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தை ஆழமாகக் குடைந்திருப்பார்கள், கைப்பிடியை மேலே வெகுதூரம் இழுப்பதற்காக. அவ்வகைக் கிட்டாரில் தகடு உடலுக்கு இணையாக இருந்தாலே போதும், பின்னால் இடம் வேறாகத் தேட வேண்டியதில்லை.

ஒவ்வொரு சாடிலையும் முன்பின் நகர்த்திப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டைச் சரிபார்க்கும் இன்டொனேஷன் வேலை இத்தனைக்கும் பிறகுதான், ஏனெனில் சாய்வு மாறினால் சாடிலின் இடமும் மாறும். அடுத்த முறை கம்பி மாற்றும்போது அதே அளவுத் தொகுப்பானால் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் ஒன்றைப் போட்டுச் சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கிளாவைத் தொடவே வேண்டியிருக்காது. ஃப்ரெட் துடைக்க வேண்டி ஆறையும் ஒன்றாகக் கழற்றுவதானால் முதலில் அட்டைகளைச் செருகிவிடுங்கள். 9இலிருந்து 10க்கு மாறுகிறவர்கள் மட்டும், கூடுதலாக எட்டு கிலோவைத் தராசில் ஏற்றப்போகிறோம் என்பதை நினைவில் வைத்து, திருப்புளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.